சுறாப் படங்களும் அச்சச் சுவையும்

கல்வி, சமயம், இலக்கியம் என்பன பற்றிய கட்டுரைகளைத் தாங்கி வரும் விழா மலரொன்றிலே, மனிதரைக் கடித்து விழுங்கும் சுறாமீன்களைக் காட்டும் மலிவான அமெரிக்கப் படங்களைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தமை சிலர்க்கு வியப்பாக இருத்தல் கூடும். ஆயின், தன் மாணவர் எதனைப் பார்க்கின்றனர் என்பதை அறியாத ஆசிரியன், அவர் எதனைப் படித்தல் வேண்டும் என்று கூறுந் தகுதியையும் மெல்ல மெல்ல இழந்துவிடுகின்றான். இன்று உலகத்துப் படங்கள் யாவும் கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு வந்துவிட்டன. இடைவேளையில் மாணவர் கூடிப் பேசுவனவற்றுள் சுறாப் படங்களும் உள. "சேர், ஆறு தலைச் சுறாப் படம் பார்த்தீங்களோ?" என்று என்னையே வினவியவரும் உளர். அவருள் ஒருவராவது "பயந்தோம்" என்று சொல்லக் கேட்டிலேன். "விழுந்து விழுந்து சிரித்தோம்" என்றே யாவருங் கூறுகின்றனர். அச்சமூட்டுதற்கென எடுத்த படம் சிரிப்பை விளைவிப்பது ஏன்? இவ்வினா இலக்கியங் கற்பிப்போன் எண்ணிப் பார்க்கத்தக்க வினாவேயாகும்.

இதற்குப் பலரும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு. "பணம் போதவில்லை, ஆதலாற் படம் நன்றாக அமையவில்லை" என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்விடை ஆராயுமிடத்து நில்லாது போகின்றது. 'ஆடமாட்டாதவள் கூடங் கோணல் என்றாள்' என்னும் நம்மவர் பழமொழியே இதற்கு ஏற்ற மறுமொழி. மலிவான சுறாப் படங்களின் குறை பணக்குறையன்று, மதிப்புக்குறையாகும். பார்ப்போரை மதியாமை, கடலை மதியாமை, அவ்வுயிரினத்தை மதியாமை ஆகிய மூன்றுமே அவற்றைக் கெடுத்தன என்பது எமது துணிபு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. நகை பிறக்குங் களன்களையும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக்கினார். சுறாப் படம் எடுப்போன் விலங்கை வைத்து அச்சத்தைப் பிறப்பிக்க முயல்கின்றான். அவனுடைய பேதைமை இடையிற் புகுந்து நகையைப் பிறப்பித்துவிடுகின்றது. இஃதொன்று. விலங்கு கண்ணாற் கண்டு அஞ்சப்படுவது. அணங்கோ கண்ணுக்குப் புலனாகாது நின்று அஞ்சச் செய்வது. சிறந்த சுறாப் படம் விலங்கை அணங்கின் நிலைக்கு உயர்த்துகின்றது. மலிவான படம் விலங்கை விளையாட்டுப் பொம்மையின் நிலைக்கு இறக்குகின்றது. இஃது இரண்டாவது.

பட்டினப்பாலையிலே, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு, அதன்கண் வலிய தெய்வத்தை ஏற்றி வழிபட்ட செய்தியைக் காண்கின்றோம். நாள்தோறுங் கடலிற் செல்லும் அம்மக்கள், தமக்கு வாழ்வு தருவதும் தம் உயிரைக் கொள்ள வல்லதுமாகிய கடலை அஞ்சினர், அஞ்சியதனாற் போற்றினர். அச்சமும் மதிப்பும் ஒரு மரத்தின் இரு கிளைகள். எதனை நாம் மதியோமோ அதற்கு மெய்யாக அஞ்சுவதுமில்லை. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

சுறாப் படங்கள் யாவற்றுக்கும் மூலமாயது 1975ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜோஸ்' என்னும் படமாகும். 'தாடைகள்' என்பது அப்பெயரின் பொருள். பீற்றர் பெஞ்ச்லி 1974இல் வெளியிட்ட நாவலைத் தழுவி, அப்பொழுது முப்பது வயதும் நிரம்பாதிருந்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் அதனை நெறிப்படுத்தினார். அமெரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்த மாதாஸ் வைன்யாட் தீவிலே, தொட்டியில் அன்றி மெய்யான கடலிலேயே படம் பிடித்தனர். அதற்கெனச் செய்வித்த இயந்திரச் சுறா உப்புநீர் பட்டதும் பழுதாகிப் பழுதாகி நின்றது. 55 நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு 159 நாளாக நீண்டது. ஏறக்குறைய 4 மில்லியன் டொலரென மதித்த செலவு ஏறக்குறைய 9 மில்லியனாயிற்று.

காட்டுவதற்குச் சுறா இல்லை என்னும் நிலையில் அவ்விளைஞர் என் செய்தார்? காட்டாமலே விட்டார். முதற் காட்சியில் இரவில் நீந்தும் பெண்ணொருத்தியை ஏதோ ஒன்று கீழிருந்து இழுக்கின்றது; இழுப்பது எது என்று நாம் காண்கிலோம். பின்னர், கடலின் மேல் மிதந்து விரையும் மஞ்சட் பீப்பாய்கள் சுறா வருவதை அறிவிக்கின்றன. ஜோன் வில்லியம்ஸ் அமைத்த இசையில் இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலித்து, நெருங்கி வரும் ஆபத்தை உணர்த்துகின்றன. படம் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கடந்த பின்னரே சுறாவின் தலை நம் கண்முன் நன்றாக எழுகின்றது. அதற்குள் பார்ப்போர் ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலே ஒரு சுறாவை வளர்த்துவிடுகின்றனர். எந்த இயந்திரமும் அம்மனச்சுறாவுக்கு ஈடாகாது. விலங்கு அணங்காயது இவ்வாறே.

அப்படத்தில் மற்றுமொரு காட்சியுளது. சுறாவைத் தேடிச் சென்ற மூவர் இரவிலே படகின் சிறு மேசையைச் சூழ்ந்திருக்கின்றனர். அவருள் முதிய மீனவர், 1945 ஜூலை 30இல் யப்பானிய நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட 'இந்தியனாபொலிஸ்' என்னும் போர்க்கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்து, சுறாக்களிடையே நாட்கணக்கில் மிதந்த கதையைச் சொல்லுகின்றார். அங்கே சுறா இல்லை, குருதி இல்லை, ஒரு மனிதனுடைய குரலும் முகமும் மட்டுமே உள. படம் முழுவதிலும் மிகுந்த அச்சந்தருவது இக்காட்சியே என்று கருதுவோர் பலர். இதற்கு ஆன செலவு ஒரு மேசையும் ஒரு விளக்கும் நல்ல வசனமுந்தானே! சொல்லின் ஆற்றலுக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

"ஒன்பது மில்லியன் டொலரும் பெருந் தொகையன்றோ?" என்பார்க்கு வேறோர் உதாரணங் காட்டுவோம். 2003ஆம் ஆண்டில் உருவான 'ஓப்பன் வோட்டர்' என்னும் படத்தைக் கிறிஸ் கென்ரிஸ், லோறா லாவு என்னும் கணவனும் மனைவியும் எடுத்தனர். அவர்தம் ஆரம்பச் செலவு ஏறக்குறைய 130,000 டொலர் மட்டுமே. சிறு கமெரா கொண்டு, விடுமுறை நாட்களிலே, பஹாமாசுக் கடலில், மெய்யான சுறாக்களின் நடுவே நடிகர் இருவரை மிதக்கவிட்டுப் படம் பிடித்தனர். 1998இல் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுப் பகுதியில், சுழியோடச் சென்ற தம்பதியரை எண்ணிப் பாராது விட்டுவிட்டுப் படகு கரைக்குத் திரும்பிய உண்மை நிகழ்ச்சியே அப்படத்துக்குத் தூண்டுகோல். படத்தின் பெரும்பகுதியில் நிகழ்வது யாது? இருவர் காத்திருக்கின்றனர். குளிர்கின்றது, தாகம் எடுக்கின்றது, ஒருவரையொருவர் குறைகூறிச் சண்டையிடுகின்றனர், பின்பு கைகளைப் பற்றிக்கொள்ளுகின்றனர். காலில் எதுவோ உரசிச் செல்கின்றது. அவ்வளவே. உலகெங்கும் 50 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டிய அப்படத்திற் சிரித்தவர் உளரென்று கேள்விப்பட்டதில்லை.

மறுதலையாக, 1987இல் பெரும் பொருட்செலவில் வந்த 'ஜோஸ்' வரிசையின் நான்காம் படத்தை நோக்குக. அதிலே சுறா ஒரு குடும்பத்தின்மீது வஞ்சினங் கொண்டு, அமெரிக்கக் கரையிலிருந்து பஹாமாஸ் வரை அவர்களைத் தொடர்கின்றது. நீருக்கு மேலே தலையெடுத்துச் சிங்கம் போல் முழங்கவுஞ் செய்கின்றது. குரலெழுப்பும் உறுப்பே சுறாவுக்கு இல்லை. பணம் இருந்தது, மதிப்பு இல்லை. ஆகவே, பணத்தால் வருவது வேறு, அச்சத்தால் வருவது வேறு என்பது தெளிவு.

நம் நாட்டார்க்கு இது புதிய செய்தியுமன்று. நடிகமணி வைரமுத்து மயான காண்டம் ஆடிய மேடைகளிலே மெய்யான சுடலை இருந்ததில்லை. விடியும் வரை இருந்து கண்ணீர் விட்ட சபையோர் அங்குச் சுடலையைக் கண்டது எங்ஙனம்? நடிகன் நம்பினான்; ஆகவே சபையும் நம்பியது.

இனி, மலிவான படங்களின் குறைகளை வகுத்துக் காண்போம்.

முதலாவது, களவு. 'ஜோஸ்' வென்ற சின்னாட்களிலேயே அதன் நிழல்கள் பல தோன்றின. 1981இல் இத்தாலியில் எடுக்கப்பட்ட ஒரு படம் மூலத்தை அத்துணை நெருங்கிப் பின்பற்றியமையால், யூனிவேர்சல் நிறுவனத்தார் வழக்குத் தொடுத்து அமெரிக்கத் திரையரங்குகளிலிருந்து அதனை நீக்குவித்தனர். 1995இல் வந்த 'குறுவெல் ஜோஸ்' என்னும் மற்றோர் இத்தாலியப் படமோ, பிற சுறாப் படங்களின் காட்சித் துண்டுகளையே வெட்டியெடுத்துத் தன்னுள் ஒட்டிக்கொண்டது. இத்தகைய ஒட்டுவேலையிலே, ஒரு நொடியில் வெள்ளைச் சுறாவாக இருப்பது மறு நொடியில் வேறு சாதிச் சுறாவாகின்றது, நீலக் கடல் பச்சைக் கடலாகின்றது, நண்பகல் மாலையாகின்றது. பார்ப்போன் இவற்றைக் கவனியான் என்னும் எண்ணமே இவ்வேலைக்கு அடிப்படை. பார்ப்போனை மதியாமை என்று யாம் கூறியது இதனையே.

இரண்டாவது, நிறையின்மை. கணினியால் வரைந்த சுறா நீரைக் கிழித்து எழுகின்றது, நீரோ கலங்குவதில்லை. அதன் உடம்பில் ஈரமில்லை. அதன் நிழல் எங்கும் விழுவதில்லை. கடலுக்கு ஒரு கனமுண்டு, இழுப்புண்டு, இருளுண்டு. படகோட்டி ஒருவனுடன் ஒருநாட் சென்று வந்தோரும் அதனை அறிவர். இப்படங்களை எடுத்தோர் கடலின் முகத்தை ஒருமுறையேனும் நின்று பார்த்தனரோ என்னும் ஐயம் நமக்கு எழுகின்றது.

மூன்றாவது, மனிதர் இன்மை. 'ஜோஸ்' படத்திலே விடுமுறைக்கால வருவாயை இழக்க மனமின்றிக் கடற்கரையை மூட மறுக்கும் நகரத் தலைவர் ஒருவர் உளர். தண்ணீருக்கு அஞ்சும் பொலிஸ் அதிகாரி ஒருவர் உளர். மகனை இழந்த தாயொருத்தி அவ்வதிகாரியைக் கன்னத்தில் அறையும் காட்சியொன்று உளது. அவர்களை நாம் அறிவோம்; ஆதலால் அவர்க்காக அஞ்சுகின்றோம். மலிவான படத்திலோ பெயரும் நினைவில் நில்லாத இளைஞர் பன்னிருவர் வரிசையாக நிற்கின்றனர். அவர் செய்யவேண்டிய தொழில் ஒன்றே: முறைப்படி ஒருவர் பின் ஒருவராகக் கடிபடுதல். இரை என்ற அளவில் மனிதரை நோக்குவது சுறாவின் இயல்பாகலாம். கதை எழுதுவோனின் இயல்பாதல் தகுமோ?

நான்காவது, புதுமை தேடி அலைதல். அச்சத்தை விளைவிக்க இயலாதவர் மருட்கையை விளைவிக்கப் பார்க்கின்றனர். 2009இல் அசைலம் என்னும் நிறுவனம் வெளியிட்ட படமொன்றிலே பெருஞ்சுறா கடலினின்று துள்ளி, வானிற் பறக்கும் பயணிகள் விமானத்தைக் கௌவுகின்றது. பின்னர்ப் பேய்க்கணவாய் ஒன்றுடன் போர் புரிகின்றது. 2012இல் இருதலைச் சுறா வந்தது. 2015இல் முத்தலைச் சுறா. 2017இல் ஐந்தலைச் சுறா. 2018இல் அறுதலைச் சுறா. நான்கு தலையை நான்முகனுக்கென விட்டனர் போலும்! ஆறுக்குச் சென்றபோது அவ்வடக்கமும் நீங்கிற்று. தலைக்குத் தலை அச்சம் பெருகும் என்பது அவர் கணக்கு. மெய்யாக நிகழ்வதோ பின்னம்: தலை பெருகப் பெருக அச்சம் பங்கிடப்பட்டுக் குறைகின்றது. 2013இல் சுறாவின் ஆவி தண்ணீர் உள்ள இடமெங்குந் தோன்றும் படமும் வந்தது. நீருக்கு வெளியே ஓடித் தப்பலாம் என்னும் எல்லையும் அழிந்தபின், கடல் எதற்கு?

ஐந்தாவது குறையே யாவற்றினும் பெரிது. அது தன் தொழிலைத் தானே எள்ளுதல். 2013 ஜூலையில் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே 'ஷார்க்நேடோ' என்னும் படம் வெளிவந்தது. பெருஞ் சுழற்காற்று கடலிலுள்ள சுறாக்களை வாரியெடுத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரின்மேற் பொழிகின்றது. வீரன் இயந்திர வாளுடன் சுறாவின் வாயினுட் பாய்ந்து, அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளிப்படுகின்றான். உலகெங்கும் இதனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தனர். சிரிப்பிற் பொருளுண்டு என்று கண்டவர், 2018 வரையில் ஆறு படம் எடுத்தனர். மூன்றாவதிற் சுறாக்கள் விண்வெளிக்குச் சென்றன. ஆறாவதில் வீரன் கடந்த காலத்துக்கே சென்றான். முன்னையோர் அறியாமையாற் பிழை செய்தனர். பின்னையோர் பிழையையே விற்பனைப் பொருளாக்கினர். பேதைமையிற் பிறந்த நகை, எள்ளலிற் பிறந்த நகையாயிற்று.

"ஆசிரியரே, இது பொழுதுபோக்குத்தானே! நண்பர் கூடியிருந்து சிரிப்பதும் குற்றமோ?" என்று இளைஞர் கேட்டல் கூடும். குற்றமன்று. உழைத்துக் களைத்தவர் சிரித்து மகிழ்தல் நன்றே. முதல் 'ஷார்க்நேடோ' படத்தில் ஒருவகைக் கட்டற்ற கற்பனை இருந்ததையும் மறுப்பார் இல்லை. ஆயினும் நகைச்சுவையும் ஒரு கலை. அதற்கும் உழைப்பு வேண்டும். நம் நாடக மேடைப் பபூன் தன்னைத்தான் இழித்துச் சிரிக்க வைத்தான். தான் ஆடும் நாடகத்தை இழித்தானல்லன். "இதனை நானே மதியேன், நீரும் மதிக்க வேண்டா" என்று கூறிக்கொண்டு பண்டத்தை நீட்டும் வணிகனிடம் நாம் ஒரு முறை சிரித்து வாங்கலாம். ஆறு முறை வாங்கினால் சிரிக்கப்படுவோர் யார்? அன்றியும், வேண்டுமென்றே கெடச் செய்தேன் என்று சொல்லுவோனைக் குறைகூற இயலாது. குறைகூற இயலாத இடத்திலே திருத்தமும் இல்லை. திருத்தம் இல்லாத தொழில் வளர்வதுமில்லை. வகுப்பிலே கட்டுரையைக் கவனமின்றி எழுதிவிட்டு, "பகிடிக்கு எழுதினேன், சேர்" என்னும் மாணவனிடம் நாம் அஞ்சுவதும் இதற்கேயன்றோ?

இனி, மதிக்கப்படாதவற்றுள் மூன்றாவதாகிய சுறாவின் பக்கம் நின்று ஒரு சொல். யாழ்ப்பாணத்தார்க்குச் சுறா, அஞ்சும் பொருளாவதிலும் மிகுதியாக வறைக்கு உரிய மீனாகவே பழக்கம். உலக முழுவதையும் நோக்கினும் கணக்கு அவ்வாறே உளது. புளோரிடா இயற்கை வரலாற்று நூதனசாலையார் பேணிவரும் பதிவேட்டின்படி, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்ச்சிகள் உலகெங்கும் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 60 முதல் 70 வரையே. அவற்றால் இறப்போர் தொகை பெரும்பாலான ஆண்டுகளிற் பத்தையும் எட்டுவதில்லை. மனிதராற் கொல்லப்படுஞ் சுறாக்களோ ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லியன் என்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. 1970க்குப் பின் ஆழ்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறிற்று. நானூறு மில்லியன் ஆண்டுகளுக்கு மேலாகக் கடலில் வாழ்ந்துவரும் இனத்துக்கு நேர்ந்த நிலை இது. சூப்புக்காகச் செட்டையை அறுப்போரும், அளவின்றி வலைவிரிப்போருமே இதற்கு முதற் காரணர், படங்கள் அல்ல. எனினும், அஞ்சத்தக்கது என்றும் நகைக்கத்தக்கது என்றும் மட்டுமே அறியப்பட்ட ஓருயிர் அழியும்போது அதற்காகப் பரிந்து பேசுவோர் அரியராகின்றனர்.

இதனை உணர்ந்து வருந்தியவர் யார் என்பதே நாம் கருதத்தக்கது. மூலக் கதையை எழுதிய பெஞ்ச்லி, சுறாக்களைப் பற்றிப் பின்னர்த் தாம் அறிந்தவற்றால் மனம் மாறி, 2006இல் இறக்கும் வரையில் அவற்றின் பாதுகாப்புக்காக உழைத்தார். ஸ்பீல்பேர்க்கும் 2022இல், தம் படத்தின் பின் சுறாக்கள் அழிக்கப்பட்டமைக்கு மெய்யாக வருந்துவதாகக் கூறினார். ஒரு பொருளை மதித்துக் கலை செய்தவனே, அக்கலையால் அப்பொருளுக்கு விளைந்த தீங்கையும் மதித்து வருந்த வல்லவனாகின்றான். அறுதலைச் சுறாவைச் செய்தவர் எதற்காக வருந்துவர்? அவர் சுறாவைப் பற்றி எதுவுமே சொல்லவில்லையே!

இன்று நம் கல்லூரி மாணவரும், அண்மையிற் படிப்பை முடித்துச் சென்ற இளைஞரும் கைத்தொலைபேசி கொண்டு குறும்படங்கள் எடுக்கத் தொடங்கியுள்ளனர். அவர்பால் ஆர்வம் உளது, பணம் இல்லை. பணம் இல்லாமையைக் குறித்து அவர் கலங்க வேண்டுவதில்லை. இரண்டு நடிகரும் கடலும் போதும் என்பதை ஒரு கணவனும் மனைவியும் காட்டியுள்ளனர். ஒரு மேசையும் ஒரு கதையும் போதும் என்பதை ஒரு முதிய மீனவர் காட்டியுள்ளார். ஆனால், எடுத்துக்கொண்ட பொருளை நின்று நோக்கும் பொறுமையும், பார்ப்போன் அறிவுடையவன் என்னும் எண்ணமும், தம் கதையைத் தாமே நம்பும் நேர்மையும் வேண்டும். இவற்றைக் கடையில் விற்பாரில்லை. ஆதலால் வறியவர்க்கும் இவை கிட்டும். பழைய மாணவர் தம் பிள்ளைகளுடன் அமர்ந்து இத்தகைய படமொன்றைப் பார்க்க நேருமாயின், அவர்களோடு சிரிக்கட்டும், சிரித்து முடிந்தபின், "நீ எடுத்திருந்தால் இதனை எவ்வாறு எடுத்திருப்பாய்?" என்று ஒரு வினாவையும் கேட்கட்டும். அவ்வினாவுக்குப் பிள்ளை தரும் விடையிலிருந்து ஒரு நல்ல படம் பிறத்தலுங் கூடும்.